சின்சில்லாவுக்கு ஒரு சீர்

வாங்க தம்பி, வாங்க. ஏசி மெக்கானிக் நீங்கதான? ஏணியைச் சுவத்துல இடிக்காமப் பையக் கொண்டாங்க. செருப்பை வெளியவே விட்டுருங்க. பேச்சையும் கொஞ்சம் மெதுவா வச்சுக்குங்க, உள்ள ஆளுக தூங்குறாங்க. பகல் முழுக்கத் தூக்கம்தான். பொழுது சாய்ஞ்சாத்தான் ஆட்டம் பாட்டமெல்லாம். போன்ல நான் "ரெண்டு உசுரு ஆபத்துல இருக்கு, உடனே வாங்க"ன்னு சொன்னதும் யாரோ வயசானவங்கன்னு நெனச்சு அடிச்சுப் பிடிச்சு வந்திருப்பீங்க. அதெல்லாம் இல்ல. அந்தா, கூண்டுக்குள்ள பாருங்க.

எலியா? மொத மொதல்ல வந்திருக்கீங்க, அதனால விடுறேன். எலின்னு சொல்லாதீங்க தம்பி. எதிர்வீட்டுக்காரரு ஒருநாள் "என்ன சோலைமலை, எலி வளக்குறியாமே"ன்னு கேட்டாரு. அன்னையில இருந்து அவரோட பேச்சுவார்த்தையே இல்ல. இது சின்சில்லா. தென்னமெரிக்காவுல பனி மலை மேல, பாறை இடுக்குல குடியிருக்கிற சாதி. நமக்கெல்லாம் ஒரு வேர்க்கால்ல ஒத்தை முடி, அதுவும் எனக்குப் போயிருச்சு. இதுக்கு ஒரு வேர்க்கால்ல ஒரு கத்தை முடி. வேர்வையே வராது. அதனால சூடு கொஞ்சம் கூடினாலும் தாங்காது, பொசுக்குன்னு போயிரும். மதுரையில, சித்திரை வெயில்ல, இதுகளை வச்சுக்கிட்டு நான் படுற பாடு இருக்கே, அதை யாருகிட்டச் சொல்ல. உங்ககிட்டத்தான் சொல்லணும்.

ஏணியை இப்படிப் போடுங்க. காலையில எந்திரிச்சுப் பாக்குறேன், ஏசி காத்து வருது, குளுமையைக் காணோம். பிரிஜ்ல இருந்த தண்ணி பாட்டில் எல்லாத்தையும் ஐஸாக்கி, துண்டைச் சுத்தி, கூண்டைச் சுத்தி நிறுத்தி வச்சிருக்கேன் பாருங்க. உள்ள கெடக்குது பாத்தீங்களா, கறுப்பா ஒரு பலகை? அது கடப்பாக் கல்லு. அடுப்படி மேடை போட்டதுல மிஞ்சின துண்டு. அது மேல வயித்தை வச்சுப் படுத்துக்கிட்டா அதுகளுக்குச் சில்லுன்னு இருக்கும். ரெண்டு கல்லு வச்சிருக்கேன், ஒண்ணு உள்ள இருந்தா இன்னொண்ணு பிரிஜ்ல இருக்கும். தோசை மாவு வைக்க எடமில்லைன்னு எம் பொஞ்சாதி கத்துறா. கத்தட்டும்.

எனக்கு இந்த மிருகம் வளக்குறதுல எல்லாம் துளிகூட ஆசை கிடையாது தம்பி. அதை மொதல்லயே சொல்லிருறேன். எம் பீரோப் பட்டறை நாயிக்கு ஒரு பிஸ்கட்டு போட்டதில்ல நான். இதுக ரெண்டும் எம் மகளோடது. ஒரே மக, மதிவதனி. பெங்களூருல கம்ப்யூட்டர் வேலை. கூட வேலை பாக்குற நாகர்கோயில் பையனைக் கட்டிக்கிட்டா. ஜெபின்னு பேரு. அவங்க சர்ச்சுக்குப் போறவங்க, நாம கோயிலுக்குப் போறவங்க, இது ஒத்து வருமா? நான் ஒத்துக்கலை. ரெண்டு பேரும் ரெஜிஸ்டர் ஆபீஸ்ல மாலையை மாத்திக்கிட்டாங்க. அன்னைக்கே ஒரு வார்த்தை சொன்னேன். எம் பட்டறையில இருந்து ஒரு ஆணி கூட அந்தக் கல்யாணத்துக்குச் சீராப் போகாது, அவங்க ரெண்டு பேரும் என் வீட்டு வாசப்படியை மிதிக்கக் கூடாதுன்னு. சொன்னா சொன்னதுதான். இன்னைக்கு வரைக்கும் மாறலை.

நான் யாருன்னு தெரியும்ல? சோலைமலை ஸ்டீல் பீரோ. இந்தப் பக்கத்துல எந்தக் கல்யாண வீட்டுல கேட்டாலும் சொல்லுவாங்க. பொண்ணுக்குச் சீரு குடுக்கணும்னா மொதல்ல எங்க பட்டறைக்குத்தான் வருவாங்க. தாமரைப்பூ வரைஞ்சு, ஆளுயரக் கண்ணாடி வச்சு, ரோஸ் கலரு வேணுமா, பச்சைக் கலரு வேணுமா, எல்லாம் நம்ம கைவேலை. ஊருல உள்ள பொண்ணுகளுக்கெல்லாம் பீரோ அடிச்சுக் குடுத்தவன் மகளுக்கு ஒண்ணும் குடுக்கலைன்னு சொந்தக்காரங்க முணுமுணுத்தாங்க. நான் அசையலை.

அப்படி இருக்கையில, இந்த மாசிக்கு முன்னால, மக அவ அம்மாவுக்குப் போன் போடுறா. கம்பெனியில ரெண்டு பேரையும் ஜெர்மனிக்கு அனுப்புறாங்களாம், மூணு மாசம். இதுகளைப் பாத்துக்க ஆள் இல்லையாம். தெரியாதவங்ககிட்ட விட்டா பயந்தே செத்துப் போயிருமாம். வேணி, அதான் எம் பொஞ்சாதி, எங்கிட்ட வந்து நிக்குறா, கண்ணைத் தொடைச்சுக்கிட்டு. நான் யோசிச்சேன். வாயில்லாச் சீவன் என்ன பாவம் பண்ணுச்சு? சரி, அதுக வரலாம், அந்த ரெண்டு பேரும் வரக் கூடாதுன்னு சொல்லிட்டேன். அதே மாதிரி வந்தாங்க. காரு வாசல்ல நின்னுச்சு. மக இறங்கி, படியைத் தொடாம, இதுகளையும் சாமானையும் அம்மா கையில குடுத்துட்டு அப்படியே திரும்பிட்டா. நான் மாடியில நின்னுக்கிட்டு இருந்தேன். அவ அண்ணாந்து பாக்கலை. ரோசம். அந்த ரோசத்தை எவன்கிட்டக் கத்துக்கிட்டாளோ, தெரியலை.

கவரைக் கழட்டிட்டீங்களா? என்ன, கெப்பாசிட்டர் போயிருச்சா? சின்ன வேலைதானே? மாத்திருங்க. ஒண்ணுக்கு ரெண்டா வேணும்னாலும் போடுங்க. ஒண்ணுதான் போட முடியுமா? சரி, நல்லதாப் போடுங்க.

அவ அனுப்பின கூண்டு இருந்துச்சு பாருங்க, ஒண்ணாம் நம்பர்ச் சில்லறைக் கூண்டு. தட்டு பூரா பிளாஸ்டிக்கு. அதுக கடிச்சுக் கடிச்சு வச்சிருக்குங்க. அதுக பல்லு வளந்துக்கிட்டே இருக்குமாம், அதனால எதையாவது கொறிச்சுக்கிட்டே இருக்கணும். பிளாஸ்டிக் வயித்துக்குள்ள போனா அவ்வளவுதான். அடியில வெறும் கம்பி வலை. அந்தப் பிஞ்சுக் காலு அதுல நின்னா புண்ணாகாதா? என்னால பாத்துக்கிட்டு இருக்க முடியலை. இரும்பு வேலை தெரிஞ்சவன் வீட்டுல இப்படி ஒரு கூண்டு இருந்தா நாலு பேரு நாளைக்கு என்ன சொல்லுவாங்க? தொழில் மானம் தம்பி. அதுக்காகத்தான் ஆரம்பிச்சேன். வேற எந்த எண்ணமும் கிடையாது.

மொதல்ல ஒரு கூண்டு அடிச்சேன், நம்ம பீரோ மாதிரியே தகட்டுல, ரோஸ் பெயிண்ட் அடிச்சு. அவ்வளவு லட்சணம். வேணி வீடியோ எடுத்து மகளுக்கு அனுப்பினா. ஜெர்மனியில இருந்து உடனே போனு. அம்மா, பெயிண்டை உரிச்சுத் தின்னுரும், வேணவே வேணாம்னு அழுகுறா. ஒரு வார வேலை. அப்படியே தூக்கிப் போட்டேன். ரெண்டாவது, துத்தநாகம் பூசின கம்பி வலை போட்டு ஒண்ணு. அதுல இருக்கிற பூச்சும் ஆகாதாம். அதையும் போட்டேன். பட்டறைப் பசங்க ஒருத்தனை ஒருத்தன் பாத்துச் சிரிக்கிறானுக. மூணாவதுதான் இது. முச்சூடும் எவர்சில்வர். நாம தண்ணி குடிக்கிற செம்பு என்ன எவர்சில்வரோ அதே. கம்பிக்குக் கம்பி இடைவெளி என் சுண்டு விரல் நுழையாது, அதுக தலை மாட்டிக்கக் கூடாதில்ல. கதவுக்குத் தாப்பா ரெண்டு. சின்னவ இருக்கா பாருங்க, அவ ஒத்தைத் தாப்பாவை மூக்காலயே தள்ளித் திறந்துருவா. கெட்டிக்காரி. எம் மக சின்னதுல அப்படித்தான், எந்தப் பீரோவைப் பூட்டி வச்சாலும் திறந்துட்டு உள்ள உக்காந்திருக்கும்.

உள்ள பலகை எல்லாம் பைன் மரம். மருந்து அடிக்காத, நல்லாக் காய வச்ச பைன். ஆணி கிடையாது, மர முளை வச்சு இறுக்கினது. ஆணியைக் கடிச்சா பல்லு போயிரும். பாத்தீங்களா, நான் சொன்ன மாதிரி ஒரு ஆணி கூடப் போகலை. மக வேணிகிட்டச் சொன்னா, அதுக ஆளுயரத்துக்குத் தாவும், ஆனா ஒசரத்துல இருந்து விழுந்தா கால் முறிஞ்சுருமுன்னு. அதனால பலகையை மேல மேல நேரா வைக்காம, மாத்தி மாத்தி வச்சிருக்கேன். எங்க தவறினாலும் அடுத்த பலகையில வந்து உக்காந்துக்கலாம். ஒவ்வொரு பலகை ஓரத்தையும் உப்புத்தாள் போட்டு நானே தேய்ச்சேன். பட்டறைப் பசங்களை நம்பிக் குடுக்க முடியுமா? தண்ணிக்குக் கண்ணாடிப் பாட்டில். ஒளிஞ்சுக்கிறதுக்கு ஒரு மரப்பெட்டி. காய்ஞ்ச புல்லு வைக்க ஒரு சட்டம். பின்பக்கம் தெரியுதுல்ல, வழுவழுன்னு ஒரு தகடு, சுவரு மாதிரி? அது அசல் எவர்சில்வர்த் தகடு, இப்ப அந்தக் கனத்துல வர்றதே இல்ல. மதி பெரிய மனுஷியான வருஷம் வாங்கிப் போட்டது. அவளுக்கு ஒரு பீரோ அடிக்கணும், துருவே பிடிக்கக் கூடாதுன்னு தனியா எடுத்து வச்சிருந்தேன். பட்டறை மூலையில சும்மா எடத்தை அடைச்சுக்கிட்டுக் கெடந்துச்சு. வீணாப் போகுதேன்னு போட்டேன்.

வெளிப்பக்கம் கண்ணாடி பாக்குறீங்களா? எல்லாரும் அதைத்தான் கேட்குறாங்க. வேணியும் கேட்டா, எலிக்கு எதுக்குங்க ஆளுயரக் கண்ணாடின்னு. ஏண்டி, கண்ணாடி இல்லாத பீரோவை எவனாவது பொண்ணுக்குக் குடுப்பானான்னு கேட்டேன். அவ முந்தானையால மூக்கைத் தொடைச்சுக்கிட்டு அடுப்படிக்குப் போயிட்டா. சளி பிடிச்சிருக்கும்போல. உச்சியில ஒரு தாமரைப்பூ, ரெண்டு அன்னம். அது எட்டாத ஒசரத்துல வெளிப்பக்கம்தான், கடிக்க முடியாது. அதெல்லாம் பாத்துத்தான் செஞ்சிருக்கேன்.

குடி வச்சது ஒரு வெள்ளிக்கிழமை. வேணி பால் காய்ச்சினா. புதுவீடு இல்லையா? அதுகளுக்குப் பால் ஆகாதுன்னு நாங்களே குடிச்சோம். பக்கத்து வீட்டு ரெண்டு பொம்பளைங்க தேங்காய் பழத்தோட வந்துட்டாங்க. அப்புறம்தான் தெரிஞ்சிருக்கு குடி போறது யாருன்னு. வந்தது வந்தாச்சு, இருந்து டிபன் சாப்பிட்டுட்டுத்தான் போனாங்க.

அந்தக் கூத்தை விடுங்க. குளியல் கூத்து ஒண்ணு இருக்கு, அதைக் கேளுங்க. இதுக தண்ணியில குளிக்கக் கூடாது. முடி அடர்த்தி, நனைஞ்சா காயாது, சீக்கு வந்துரும். பொடியில புரண்டுதான் குளிக்கும். மக ஒரு பொட்டலம் குடுத்துவிட்டிருந்தா, எரிமலைச் சாம்பலாம், மாவு மாதிரி. ஒரு வட்டியில கொட்டி வச்சா, ரெண்டும் மாத்தி மாத்திக் குட்டிக்கரணம் போடுறதைக் காணக் கண்ணு கோடி வேணும். நான் பட்டறைக்கே போறதில்ல அந்நேரம். ஒருநாள் பொட்டலம் தீந்து போச்சு. வேணி சொல்றா, சாம்பல்தானங்க, பூசையறையில பழனி விபூதி கெடக்கேன்னு. எனக்கும் அது நியாயமாப் பட்டுச்சு. கொட்டினோம். புரண்டுச்சுக பாருங்க, நெத்தி, காது, வாலு, ஒரு எடம் பாக்கியில்ல. ரெண்டும் காவடி எடுக்கப் போற மாதிரி நிக்குதுக. வாசனை வேற, தும்முது, நிறுத்தாமத் தும்முது.

சரியா அந்நேரம் பாத்து வீடியோ காலு வருது. மக இல்ல, அந்தப் பையன். வேணி பதட்டத்துல எடுத்துட்டா. சர்ச்சுக்குப் போற வீட்டுப் பிள்ளைகளைப் புடிச்சு விபூதியில முக்கி வச்சிருக்கோமே, அவரு என்ன நெனைப்பாரு? வேணும்னே செஞ்சதாத் தோணாதா? நான் கேமராவுல விழாம பீரோ மறைவுல நின்னுக்கிட்டேன். அவரு போனைக் கிட்டக் கொண்டாந்து உத்துப் பாத்தாரு. அப்புறம் கேட்டாரு, "மாமா அங்கதான இருக்காங்க? இவங்க ரெண்டு பேரும் எந்தப் படைவீட்டுக்குக் கிளம்பிட்டாங்கன்னு கேளுங்க அத்தை." நான் சிரிக்கலை தம்பி. முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டேன். தோள் குலுங்கினது போன்ல நல்லாத் தெரிஞ்சுச்சுன்னு வேணி சொல்றா. அவ சொல்றதை எல்லாம் நம்ப முடியாது. அப்புறம் பதமாச் சொன்னாரு, விபூதி வேணாம், மூச்சுக்கு ஆகாது, மெல்லிசாத் துணியில தொடைச்சு விடுங்கன்னு. ஜெர்மனியில இருந்துக்கிட்டே பொடிக்கு ஆர்டர் போட்டு, அது நம்ம வீட்டு வாசலுக்கு வந்துருச்சு. மறுநாளும் கூப்பிட்டாரு, தும்மல் நின்னுச்சான்னு கேட்க. ஆளு பொறுமைசாலிதான். மாப்பிள்ளைக்கு அயிரை மீனுன்னா உசுராம், நாகர்கோயில்காரருக்கு எப்படி அயிரை பழக்கமாச்சுன்னு கேட்டா, எல்லாம் மதி வச்சுக் குடுத்துப் பழகினதாம்.

மணக்குதா? ஆமா, அயிரை மீன் கொழம்புதான். காலையில மார்க்கெட்டுக்கு நானே போய் வாங்கியாந்தேன். எனக்குத்தான். பெரிய சட்டிதான், அதுக்கென்ன, எனக்குப் பசி எடுக்கும்ல?

இந்த ஏசியும் இதுகளுக்காகத்தான். மொதல்ல ஃபேன் வச்சுப் பாத்தேன். வேர்வை இல்லாத உடம்புக்கு ஃபேன் காத்து ஒண்ணும் செய்யாதாம். கூலர் வாங்கினேன். ஈரக்காத்து ஆகாதாம். கடைசியில ஏசி. வேணி எத்தனை வருஷமாக் கேட்டுக்கிட்டு இருந்தா தெரியுமா? ஏசிக் காத்து மூட்டைப் பிடிக்கும்னு சொல்லிச் சொல்லியே தள்ளிக்கிட்டு வந்தேன். இப்ப அவ என்னைப் பாக்குற பார்வையே சரியில்ல. அவளும் பாயைக் கொண்டாந்து இங்கனதான் படுக்குறா. நானும் இங்கனதான் படுக்குறேன், காவலுக்கு.

இன்னைக்கு வர்றாங்க தம்பி. ரெண்டு பேரும். ஜெர்மனியில இருந்து நேத்து பெங்களூரு வந்து எறங்கிட்டாங்க, காலையிலயே கெளம்பிட்டாங்க, இந்நேரம் திண்டுக்கல் தாண்டியிருப்பாங்க. அதனாலதான் உங்களை இந்த விரட்டு விரட்டினேன். மக வேணிகிட்டச் சொல்லிட்டா, அப்பா சொன்ன சொல்லை மீற மாட்டோம், வாசல்லயே நிக்குறோம், நீ கொண்டாந்து குடுத்துரு, வாங்கிட்டுப் போயிருறோம்னு. வாங்கிட்டுப் போனா அவ்வளவுதான். அடுத்து எதுக்கு இந்தப் பக்கம் வரப் போறாங்க? ஒரு வேலையும் இல்லையே. வீடு வெறிச்சுன்னு ஆயிரும். இதுகளுக்காகச் சொல்றேன். இதுகளுக்கு இந்த எடம் பழகிருச்சு.

ஆனா ஒரு சிக்கல் இருக்கு தம்பி. அதை நெனச்சாத்தான் எனக்குச் சிரிப்பு சிரிப்பா வருது. இந்தக் கூண்டு வெளிய போகாது.

போகாதுன்னா போகாது. வாசல் அகலம் பத்தாது. ஜன்னல்லயும் வராது. சாய்ச்சாலும் வராது, படுக்க வச்சாலும் வராது. போல்ட்டா? போல்ட் எங்க இருக்கு, எல்லாம் வெல்டிங்கு. துண்டு துண்டா வெட்டிக் கொண்டாந்து, வெல்டிங் செட்டையே வீட்டுக்குள்ள தூக்கியாந்து, இந்த எடத்துல வச்சு ஒட்டினது. அந்த ரெண்டு நாளும் இதுக ரெண்டையும் அடுப்படியில குடி வச்சிருந்தோம். வேணி கேட்கத்தான் செஞ்சா, பட்டறையிலயே ஒட்டிக் கொண்டாரலாமேன்னு. உனக்குத் தொழிலைப் பத்தித் தெரியாது, போடின்னு சொல்லிட்டேன்.

என்ன தம்பி அப்படிப் பாக்குறீங்க? மறந்துட்டேன், அவ்வளவுதான். பீரோ தொழில்ல தகட்டைத் தொடுறதுக்கு முன்னாடி வாசலை அளக்கணும், அதுதான் மொதப் பாடம், ஒத்துக்கிறேன். எங்கிட்ட வர்றவங்ககிட்ட நான் பொண்ணு பேரைக் கேட்க மாட்டேன், வாசல் அளவைத்தான் கேட்பேன். அளவு கொண்டாராட்டி நானே போயி அளந்துட்டு வருவேன். மதி சின்னப்பிள்ளையா இருக்கையில சைக்கிள்ல முன்னால உக்கார வச்சுக் கூட்டிட்டுப் போவேன். டேப்புல ஒரு நுனி எங்கிட்ட, ஒரு நுனி அவகிட்ட. இன்னைக்கு வரைக்கும் எம் பீரோ ஒண்ணு ஒரு வாசல்ல இடிச்சதா யாரும் சொல்ல முடியாது. இது ஒண்ணுதான் தவறிப்போச்சு. வயசாகுதுல்ல?

இனி என்ன செய்ய முடியும், சொல்லுங்க. இவ்வளவு வசதியா வாழ்ந்ததுகளை மறுபடி அந்தப் பிளாஸ்டிக் கூண்டுல அடைக்க மனசு வருமா? வராது. கூண்டு வெளிய வராது. அப்ப இதுக இங்கனதான் இருக்கணும். அவங்கதான் வந்து பாக்கணும். உள்ள வந்துதான் பாக்கணும், வாசல்ல நின்னா இந்தக் கூண்டு தெரியாது. நான் கூப்பிடலை, பாத்துக்குங்க. நான் என் சொல்லை மாத்தலை. நெலமை அப்படி ஆகிப்போச்சு.

ஆ, குளுமை வருது. கையை வச்சுப் பாருங்க, சில்லுன்னு வருது. தம்பி, நீங்க நல்லா இருக்கணும். பெரியவன் காதை ஆட்டுறான் பாருங்க. அவனுக்குத் தெரிஞ்சுருச்சு. வேணி, ஏசி ஓடுதுடி, தம்பிக்குக் காபி கொண்டா.

என்ன கேட்டீங்க? அதுக மொதல்ல எதுல வந்துச்சா? காருலதான். காருக்குள்ள எதுல வச்சா? ஒரு கூடையில. பயணத்துக்குன்னே விக்குற கூடை, மூடி போட்டது, கைப்பிடி வச்சது. பரண்ல கெடக்கு, அந்தா, உங்க தலைக்கு மேல.

அதுல வச்சுக் குடுத்துரலாமா?

ஆமால்ல. அதுல வச்சா வாசல் என்ன, ஜன்னல் வழியாக் கூடக் குடுத்துரலாம். கூண்டு இங்க கெடந்துட்டுப் போகுது, அதுகளை மட்டும் கூடையில எடுத்துக் குடுத்தா முடிஞ்சது.

ஏன் தம்பி அதைச் சொன்னீங்க? ஏசி பாக்கத்தானே வந்தீங்க? மூணு மாசமா உக்காந்து யோசிச்சிருக்கேன், அந்தக் கூடை என் கண்ணுல படவே இல்ல. அவ படிச்ச பிள்ளை. இந்தக் கூண்டைப் பாக்குறதுக்கு முன்னாடியே, வாசல்ல நின்னுக்கிட்டே, அம்மா அந்தக் கூடையைக் கொண்டான்னுதான் கேட்கப் போறா. வேணி எடுத்துக் குடுத்துருவா. ரெண்டு நிமிஷ வேலை. காரு கெளம்பிப் போயிரும்.

தம்பி, ஒரு உதவி செய்ங்க. ஏணி மேலதான நிக்குறீங்க, அந்தக் கூடையை எட்டி எடுங்க. எடுத்துட்டீங்களா? உங்க சாமான் பைக்குள்ள நுழையுமா? நுழையலையா? சரி, அந்தப் பழைய போர்வையைப் போத்தி உங்க வண்டியில பின்னால கட்டிக்குங்க. போகையில கொண்டுக்கிட்டுப் போயிருங்க. உங்க வீட்டுல கோழி இருக்கா? பூனை? ஒண்ணும் இல்லையா? வெங்காயம் போட்டு வைங்க. என்னமோ செய்ங்க, இந்த வீட்டுல அது இருக்கக் கூடாது. களவெல்லாம் இல்ல தம்பி, நானேதான தர்றேன்.

இருங்க, ஹாரன். காரு. வந்துட்டாங்க.

வேணி வெளிய ஓடுறா பாருங்க, செருப்பு கூடப் போடலை. இந்த ஜன்னல் வழியாப் பாத்தாத் தெரியும். கொஞ்சம் தள்ளுங்க. இளைச்சுட்டாளா? இல்ல, நல்லாத்தான் இருக்கா. தலைமுடியை வெட்டியிருக்கா. அவரு வண்டிக்கு அந்தப் பக்கமே நிக்குறாரு, கையைக் கட்டிக்கிட்டு, வெயில்ல. பாருங்க, படிக்குக் கீழயே நிக்குறாங்க. ஒரு அடி முன்னால வைக்க மாட்டேங்குறாங்க. கூடையைக் கேட்குறாங்கன்னு நெனைக்கிறேன். வேணி திரும்பி என்னைப் பாக்குறா. எல்லாரும் பாக்குறாங்க. நான் என்ன செய்யட்டும்?

மதி, கூண்டு வெளிய வராதும்மா. பெருசா அடிச்சுட்டேன். வாசல்ல நுழையாது.

கேட்டுச்சா அவளுக்கு? கேட்டிருக்கும். நெலைவாசலைப் பாக்குறா தம்பி. மேல இருந்து கீழ வரைக்கும், இந்தப் பக்கத்துல இருந்து அந்தப் பக்கம் வரைக்கும், கண்ணாலயே டேப்புப் பிடிக்கிறா. அப்புறம் என்னைப் பாத்துக் கேட்குறா.

"வாசலை அளக்க மறந்துட்டீங்களாப்பா?"

ஆமாம்மா. மறந்துட்டேன்.

அவ வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிக்கிறா. சிரிக்கிறாளா, அழுகுறாளான்னு இங்க இருந்து பாத்தா வெளங்கலை. அவரு அந்தப் பக்கத்துல இருந்து சுத்தி வர்றாரு. அவ அவரு கையைப் பிடிக்கிறா.

தம்பி, ஏணியை எடுங்க. வெரசா எடுத்து ஓரமா வைங்க. வழியில எதுவும் கெடக்கக் கூடாது, எம் பிள்ளைங்க உள்ள வருதுங்க.